லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்: கோவா, நாதுலா, மேக்னா. இந்தப் பெயர் ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை?

#1 | பாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்)

1971 டிசம்பர் 16 அன்று டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் எடுத்த அந்தப் படத்தை நம் எல்லோருக்கும் தெரியும். மேஜை முன்னால் நம் கிழக்குப் படைத் தளபதி அரோராவும் சரணடையும் பாகிஸ்தான் படைத் தளபதி நியாஸியும் உட்கார்ந்திருக்கிறார்கள், நியாஸி கையெழுத்துப் போடுகிறார். பின்னால் நிற்பவர்களில் வைஸ் அட்மிரல் கிருஷ்ணனை நம்மவர்கள் சட்டென்று அடையாளம் சொல்லிவிடுவார்கள், நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதால். அரோராவின் தலைமை ஸ்டாஃப் அதிகாரி ஜேக்கப்பையும் பலர் சொல்வார்கள். ஏர் மார்ஷல் திவானுக்கும் ஜேக்கப்புக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறாரே, அவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

அவர் லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங். அந்தக் கையெழுத்து விழுந்ததற்கு, களத்தில் படை நடத்தியவர்கள் என்ற வகையில், மற்ற எல்லோரையும் விட அதிகமாகக் காரணமாக இருந்தவர் அவர்தான் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்கள் மறுக்கலாம், அதற்குத்தான் இந்த இழை.

சுருக்கமாக வாழ்க்கை. 1919 ஜூலையில் பிகானேர் சமஸ்தானத்தில் குசும்தேசர் என்ற ஊரில் பிறந்தார். இன்றைய ராஜஸ்தானின் சூரு பக்கம், மணல் காடு. அப்பாவும் பிகானேர் ஒட்டகப் படையில் இருந்து முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போனவர். மகன் பிகானேர் டூங்கர் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்துவிட்டு 1938 வாக்கில் கங்கா ரிஸாலா என்ற அதே ஒட்டகப் படையில் சேர்ந்தார், அதிகாரியாக அல்ல, நாயக்காக (சிப்பாய்க்கு ஓரிரு படி மேல்). இரண்டாம் உலகப் போரில் சிந்து, ஈராக் என்று சுற்றினார். 1947க்குப் பிறகு சமஸ்தானப் படைகள் கலைந்தபோது இந்திய ராணுவத்துக்கு மாறி 3 கூர்க்கா ரைஃபிள்ஸுக்கு வந்தார்.

1961இல் பிரிகேடியர். கொடுத்த வேலை ஆக்ராவில் இருந்த 50ஆவது பாரா பிரிகேட். பாராசூட் படைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு தனி ஜாதி மாதிரி. வெளியிலிருந்து ஒரு கூர்க்கா அதிகாரி வந்து தங்களுக்குத் தலைமை ஏற்பதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாற்பதைத் தாண்டிய வயதில் இவர் போய் பயிற்சி எடுத்து, விமானத்திலிருந்து குதித்து, இறக்கை சின்னத்தை மார்பில் குத்திக்கொண்ட பிறகுதான் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தார்.

அடுத்த சில மாதங்களில் கோவா. திட்டப்படி மேஜர் ஜெனரல் கண்டேத்தின் 17ஆவது டிவிஷன் கிழக்கிலிருந்து முக்கியத் தாக்குதல் நடத்த வேண்டும். வடக்கிலிருந்து வரும் பாரா பிரிகேடுக்குத் துணை வேலைதான், போர்த்துகீசியரின் கவனத்தை இழுத்துப் பிடிப்பது. இவர் அதோடு நிற்கவில்லை. பாலங்களை உடைத்துவிட்டுப் பின்வாங்கிய எதிரியை விடாமல் துரத்தி, டிசம்பர் 18 மாலையே பெத்திம் வந்து மாண்டவி ஆற்றங்கரையில் நின்றுவிட்டார். எதிர்க்கரையில் பஞ்சிம். மறுநாள் காலை ஆற்றைக் கடந்து நகரம் கைக்கு வந்தது. 451 ஆண்டு போர்த்துகீசிய ஆட்சி முடிந்தது. கடைசி மூச்சு வரை போரிடுங்கள் என்று போர்த்துகீசிய ஆட்சியாளர் சலாசார் லிஸ்பனிலிருந்து உத்தரவு போட்டிருந்தும் ஆளுநர் வசாலோ இ சில்வா சரணடைந்தார்.

துணை வேலை என்று கொடுத்ததை முதன்மை வேலையாக மாற்றிவிடுவது இவருடைய கையெழுத்து. பத்தாண்டு கழித்து கிழக்கு வங்காளத்தில் மேக்னா ஆற்றங்கரையிலும் இதையேதான் செய்தார். மற்றவற்றை அடுத்தடுத்துப் பேசலாம்.

#2 | சோழவந்தான்

அருமையான தொடக்கம் சார். எனக்கு ஒரு சந்தேகம். நாயக்காகச் சேர்ந்தவர் கோர் கமாண்டர் (பல டிவிஷன்களுக்குத் தளபதி) வரை போக முடியுமா? இன்றைக்கு ஜவானாகச் சேர்ந்து அதிகாரி ஆகிறவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் கர்னல் அளவில் நின்றுவிடுகிறார்களே.

#3 | பாலைவெயில்

சமஸ்தானப் படையின் கணக்கு வேறு, சோழவந்தான். அங்கே குடும்பம், கல்வி பார்த்துச் சீக்கிரமே ஜமேதார் (அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பதவி) ஆக்கிப் பிளட்டூன் கொடுத்துவிடுவார்கள், பிறகு அதிகாரிப் பதவி. இவர் போர்க்காலத்திலேயே ஹைஃபாவிலும் குவெட்டாவிலும் ஸ்டாஃப் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டார். இணைப்பின்போது சமஸ்தான அதிகாரிகளை ஒரு தேர்வுக் குழு சலித்து எடுத்தது, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தச் சல்லடையில் தேறியவர்.

ஆனால் ஒன்று. டேராடூன், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிகளில் ஒரே வகுப்பில் படித்து, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அதிகாரிகளின் நடுவே, பிகானேரிலிருந்து வந்த ஒருவருக்கு மேலிடத்தில் தனக்காகப் பேச ஆள் குறைவு. பின்னால் நடந்தவற்றில் இதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

#4 | கம்பிமுனை

நான் சிக்னல்ஸில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கத்து ஊர். எண்பதுகளில் சிக்கிமில் இருந்தேன், நாதுலாவுக்கும் போயிருக்கிறேன். சகத் சிங் பெயரை எங்கள் யூனிட்டில் மூத்த சுபேதார்கள் மரியாதையோடு சொல்வார்கள். அதனால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

நாதுலா சிக்கிம்-திபெத் எல்லையில் ஒரு கணவாய், 14,000 அடிக்கு மேல். நம் ஆளுக்கும் சீன ஆளுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான் தூரம். அவன் இருமினால் நமக்குக் கேட்கும். அந்த வேலிக்குத்தான் 1967இல் சண்டை.

அதற்கும் முன்னால் 1965ஐச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானோடு போர் நடந்தபோது சீனா ஒரு மிரட்டல் விட்டது: நாதுலாவையும் ஜெலெப்லாவையும் காலி செய்யுங்கள் என்று. இரண்டு கணவாய்களும் இரண்டு வேறு டிவிஷன்களின் பொறுப்பில் இருந்தன. கோர் தலைமையகத்தின் எண்ணம், பின்னால் உள்ள முக்கியத் தற்காப்பு நிலைகளுக்கு வந்துவிடலாம் என்பது. ஜெலெப்லாவைக் காலி செய்தார்கள், சீனர்கள் வந்து உட்கார்ந்தார்கள், இன்று வரை அங்கேதான் இருக்கிறார்கள். நாதுலா சகத் சிங்கின் 17ஆவது மலை டிவிஷனிடம் இருந்தது. அவர் இறங்க மறுத்துவிட்டார். உயரத்தில் இருப்பது நாம், இரண்டு பக்கமும் நம் கண்ணில் தெரிகிறது, இதை விட்டால் கீழே கேங்டாக் வரை அவன் பார்வையில் இருக்கும் என்பது அவர் வாதம். மலையில் நின்றவனுக்கு இது உடனே புரியும்.

1967இல் தினமும் உரசல். எல்லை எது என்று தெரியாமல் தள்ளுமுள்ளு. சரி, நீர்பிரி முகட்டை ஒட்டி ஒரு வேலி போட்டுவிடுவோம் என்று முடிவானது. செப்டம்பர் 11 காலை பொறியாளர் படையும் 2 கிரனேடியர்ஸ் பட்டாலியனும் கம்பம் நட ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டாலியனின் தளபதி கர்னல் ராய் சிங்கிடம் சீன கமிஸார் (அரசியல் அதிகாரி) வந்து வாக்குவாதம் செய்தார், திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின்கன். நம் ஆட்கள் கையில் கம்பியும் கடப்பாரையுமாகத் திறந்த வெளியில் நின்றார்கள், மறைவே கிடையாது. முதல் சில நிமிடங்களில்தான் அதிக உயிர்கள் போயின. ராய் சிங் காயப்பட்டார். கேப்டன் டாகரும் 18 ராஜ்புத்தின் மேஜர் ஹர்பஜன் சிங்கும் எதிரி மெஷின்கன்னை நோக்கி ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் இறந்தார்கள்.

(சிக்கிம் சுற்றுலா போகிறவர்களுக்கு: அங்கே கோயில் இருக்கும் பாபா ஹர்பஜன் சிங் வேறு, இந்த மேஜர் வேறு. பாபா 23 பஞ்சாபின் சிப்பாய், 1968இல் இறந்தவர். இருவரையும் ஒருவர் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். மேஜருக்கு அது நியாயம் இல்லை.)

அப்புறம் சகத் சிங் பீரங்கியைத் திறந்துவிட்டார். மேலிட அனுமதிக்குக் காத்திருக்கவில்லை என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டது, எழுதியவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சேபுலாவிலும் ஒட்டகமுதுகு என்று நாம் கூப்பிடும் முகட்டிலும் நம் பார்வை நிலைகள் இருந்ததால் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல முடிந்தது. சீனர்களின் பதுங்கு குழிகளும் பின்னால் வண்டி வரும் வழியும் அடிபட்டன. மூன்று நாள் அந்த மலை அதிர்ந்தது. பிறகு உடல்களை மாற்றிக்கொண்டார்கள். அக்டோபர் 1 அன்று சோலாவில் மறுபடியும் மோதல், அங்கும் சீனர்கள் பின்வாங்கினார்கள்.

இரண்டிலும் சேர்த்து நம் பக்கம் 88 பேர் இறந்தார்கள், 163 பேர் காயம். சீனப் பக்கம் 340 வரை என்பது நம் தரப்புக் கணக்கு. 1962க்குப் பிறகு நம் ஜவான்கள் மனதில் இருந்த ஒரு பாரத்தை இந்த மூன்று நாள் இறக்கி வைத்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாதுகளில் 62ஐப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் 67ஐப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும்.

#5 | தென்பெண்ணை

கம்பிமுனை ஐயாவின் பதிவு மிக முக்கியமானது. வணக்கம். ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, சொல்லியாக வேண்டும்.

இதுவரை வந்த மூன்று சம்பவங்களிலும் ஒரே கதைதான்: மேலதிகாரி ஒன்று சொன்னார், இவர் வேறொன்று செய்தார், ஜெயித்தார். ஜெயித்ததால் நாம் கைதட்டுகிறோம். 1967ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீனா 1964இல் அணுகுண்டு வெடித்துவிட்டது. நாதுலாவுக்கு மூன்று மாதம் முன்புதான் ஹைட்ரஜன் குண்டும் வெடித்தது. அப்படிப்பட்ட நாட்டின் மீது பீரங்கிச் சண்டை தொடங்கலாமா என்பதை ஒரு டிவிஷன் தளபதி தீர்மானிப்பது சரியா? நம் பக்கத்து நாடுகளில் ஜெனரல்கள் தாங்களே முடிவெடுக்கப் பழகி எங்கே போய் முடிந்தது என்று பார்த்தோம். இந்தியாவில் அது நடக்காததற்குக் காரணம் நம் தளபதிகள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

அவரைக் குறைத்துப் பேசவில்லை. அவர் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவரைப் போலவே எல்லோரும் நடக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது.

#6 | பாலைவெயில்

தென்பெண்ணை, நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

அரசாங்கம் என்ன சாதிக்க வேண்டும் என்று சொல்வது ஒன்று. அதை எந்த வழியில் சாதிப்பது என்பது வேறு. முதலாவதில் சகத் சிங் ஒருபோதும் தலையிடவில்லை. கோவாவை விடுவி என்றது அரசு. விடுவித்தார். எல்லையைக் காப்பாற்று என்றது. காப்பாற்றினார். நடுவில் இருந்த ராணுவத் தலைமையகங்கள் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கோட்டைத்தான் களத்தில் நின்று மாற்றினார். பாகிஸ்தானில் ஜெனரல்கள் எடுத்துக்கொண்டது நாட்டின் அதிகாரத்தை. இவர் எடுத்துக்கொண்டது ஒரு கணவாயின் பொறுப்பை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

உத்தரவுக்கு அப்படியே கட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1962 அக்டோபர் இருக்கிறது. நாம்காசூ ஆற்றங்கரையில் பள்ளத்தில் 7ஆவது பிரிகேடை உட்கார வைத்தார்கள், மேலே தக்லா முகட்டில் சீனர்கள். இது சாவுக் குழி என்று பிரிகேடியர் தல்விக்குத் தெரியும், எடுத்தும் சொன்னார். மேலே இருந்து வந்த பதில் அங்கேயே இரு என்பதுதான். அக்டோபர் 20 காலை சில மணி நேரத்தில் பிரிகேட் அழிந்தது, தல்வி கைதியானார். மூன்று ஆண்டு கழித்து நாதுலாவிலிருந்து இறங்கு என்று வந்தபோது சகத் சிங்கின் மனதில் இது ஓடாமல் இருந்திருக்குமா?

அணுகுண்டு பற்றி: முதலில் சுட்டது அவர்கள். வெட்டவெளியில் செத்துக்கொண்டிருக்கும் தன் ஆட்களைக் காப்பாற்ற ஒரு தளபதிக்கு இருந்த ஒரே கருவி பீரங்கி. டெல்லியிலிருந்து பதில் வரும் வரை பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கட்டுப்பாடு என்று சொல்ல மாட்டேன்.

#7 | மலைச்சாரல்

வங்கி வேலையாகச் சில ஆண்டுகள் ஐஸாலில் இருந்தேன். யாரும் தொடாத ஒரு பகுதியை எழுத வேண்டியிருக்கிறது, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாதுலாவுக்குப் பிறகு 1967 கடைசியில் சகத் சிங்கை ஷில்லாங்கில் 101ஆவது கம்யூனிகேஷன் ஸோனுக்கு மாற்றினார்கள். மிசோ மலையில் கிளர்ச்சியை அடக்கும் பொறுப்பு அதன்கீழ் வந்தது. 1966 மார்ச்சில் ஐஸால் மீது நம் விமானங்களே குண்டு போட்டதை இங்கே எல்லோரும் அறிந்திருப்பீர்கள். அதற்கடுத்து 1967 தொடக்கத்தில் கிராமங்களை ஒன்று திரட்டும் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த மலைக் கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் அடைத்து, வேலி போட்டு, அடையாள அட்டை கொடுத்து, காலை மாலை கணக்கெடுப்பது. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறும் செய்தியும் போகாமல் தடுக்க மலேயாவில் பிரிட்டிஷார் செய்த முறை.

இதைத் தொடங்கியவர் சகத் சிங் அல்ல. ஆனால் அவர் பொறுப்பில் இருந்த மூன்று ஆண்டுகளில்தான் அது விரிவடைந்தது. ராணுவக் கணக்கில் பலன் கிடைத்தது. 1970இல் அவருக்குப் பரம விசிஷ்ட சேவா பதக்கமும் கிடைத்தது. மிசோ மக்களின் கணக்கு வேறு. ஜூம் சாகுபடி (மலைச்சரிவில் இடம் மாற்றிச் செய்யும் விவசாயம்) செய்தவர்கள் நிலத்துக்குப் போக நாள் முழுக்க நடக்க வேண்டியிருந்தது. வீட்டைத் தாங்களே கொளுத்திவிட்டு வரச் சொன்னதை ஐஸாலில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி விவரித்தார். அறுபதைத் தாண்டியவர்கள் யாரைக் கேட்டாலும் ஊர் திரட்டிய காலம் என்று தனியாகச் சொல்வார்கள். 1986 ஜூனில் கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவோடு ஒப்பந்தம் ஆன பிறகுதான் அங்கே அமைதி வந்தது, அதைப் பேச்சுவார்த்தைதான் கொண்டு வந்தது.

சகத் சிங்கை மதிக்கிறேன். அந்த மதிப்போடு இதையும் அவர் வரலாற்றில் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

#8 | கம்பிமுனை

மலைச்சாரல் தம்பி சொன்னது உண்மை. எங்களுக்கும் வடகிழக்கில் பணி இருந்தது. வெளிநாட்டு எதிரியோடு நிற்கும்போது மனதில் இருக்கும் தெளிவு அங்கே இருக்காது. இதை எழுதியதற்கு நன்றி.

#9 | பாலைவெயில்

ஆமாம், முதல் பதிவில் அந்த மூன்று ஆண்டுகளுக்கு இடம் இருந்திருக்க வேண்டும். மலைச்சாரலின் பதிவைப் படித்துவிட்டே மற்றவர்கள் மேலே போகட்டும். தலைப்பில் உள்ள மூன்று ஊர்ப் பெயர்களோடு நாலாவதாக ஐஸாலும் அவர் வாழ்க்கையில் உண்டு.

#10 | ஓடக்கரை

மேக்னாவை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதுகிறேன். பாலம் கட்டும் துறையில் இருக்கிறேன். இந்தப் போரில் என்னை எப்போதும் இழுப்பது ஆறுகள்தான்.

கிழக்கு வங்காளத்தில் படை நகர்த்துவது என்றால் ஆறு தாண்டுவது என்று பொருள். பத்மா, ஜமுனா, மேக்னா மூன்றும் சேர்ந்து டாக்காவைச் சுற்றி ஒரு அகழி போட்டிருக்கின்றன. பாகிஸ்தான் தளபதிகள் நம்பியதும் இதைத்தான்: ஊர்களைக் கோட்டையாக்கிச் சண்டை போடுவோம், இந்தியா ஆறுகளில் சிக்கிக்கொள்ளும், அதற்குள் ஐ.நா. சபை போரை நிறுத்திவிடும்.

சகத் சிங் 1970 கடைசியிலிருந்து தேஜ்பூரில் 4ஆவது கோர் தளபதி. போருக்கு அந்தத் தலைமையகம் திரிபுராவின் தெலியாமுராவுக்கு வந்தது. திரிபுராவை வரைபடத்தில் பாருங்கள், மூன்று பக்கமும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தான். அன்று மீட்டர்கேஜ் ரயில் தர்மநகரோடு நின்றுவிடும். அங்கிருந்து அகர்தலாவுக்கு ஒரே ஒரு மலைச் சாலை. அந்தச் சாலை வழியாக, மழைக்காலத்தில், மூன்று டிவிஷனுக்கு (8, 23, 57) வேண்டிய குண்டு, எண்ணெய், அரிசி, பாலச் சாமான் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் சேர்த்து வைத்தார்கள். வீரக் கதைகளில் இது வராது. எனக்கு இதுதான் முதல் வெற்றி.

கொடுத்த வேலை: மேக்னாவுக்குக் கிழக்கே உள்ளதைப் பிடி. ஆற்றைத் தாண்டி டாக்காவுக்குப் போ என்று இல்லை. இவர் மனதில் ஆரம்பத்திலிருந்தே டாக்கா இருந்தது.

டிசம்பர் 3 அதிகாலை கங்காசாகரில் 14 கார்ட்ஸ் பட்டாலியனின் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா உயிர் கொடுத்தார். கிழக்குப் போர்முனையின் ஒரே பரம்வீர் சக்கரம் அதற்குத்தான். 5ஆம் தேதி அகௌரா விழுந்தது. 8ஆம் தேதி பிராமன்பாரியா, அங்கே எதிர்ப்பே இல்லை. பாகிஸ்தானின் 14ஆவது டிவிஷன் ஆற்றைத் தாண்டிப் பைரவ் பஜாருக்குப் போய்விட்டது. ஆசுகஞ்சிலிருந்து பைரவ் பஜாருக்கு 1937இல் திறந்த ரயில் பாலம் ஒன்று இருந்தது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். 9ஆம் தேதி அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

வழக்கமான தளபதி என்ன செய்வார்? கரையில் நின்று, பாலச் சாமான் வரவழைத்து, எதிர்க்கரையைப் பீரங்கியால் அடித்து, ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். அந்த ஒரு வாரத்தைத்தான் நியாஸி எதிர்பார்த்தார்.

சகத் சிங்கிடம் ஒரு டஜனை ஒட்டிய எண்ணிக்கையில் மி-4 ஹெலிகாப்டர்கள் இருந்தன. விமானப்படை தரப்பில் குரூப் கேப்டன் சந்தன் சிங். அந்த ஹெலிகாப்டரில் ஒரு நடைக்கு ஏறக்குறைய ஒரு டஜன் ஆட்கள்தான் போக முடியும். ஏற்கெனவே 7ஆம் தேதி 4/5 கூர்க்கா பட்டாலியனை இதே முறையில் சில்ஹட் பக்கம் இறக்கிப் பார்த்திருந்தார். அங்கே அந்த ஒரு பட்டாலியனை முழு பிரிகேட் என்று எதிரி நினைத்துக்கொண்டு அடங்கிக் கிடந்தான். தளபதியே ஹெலிகாப்டரில் ஏறி எதிரி இருக்கும் இடத்தின் மேல் பறந்து இறங்குதளம் தேடினார். கீழிருந்து சுட்டதில் பைலட் காயப்பட்டார்.

9ஆம் தேதியே பிராமன்பாரியாவிலிருந்து 4 கார்ட்ஸைத் தூக்கி, பைரவ் பஜாருக்குத் தெற்கே ராய்ப்பூராவில் இறக்கத் தொடங்கினார்கள். இரவிலும் நிறுத்தவில்லை, டார்ச் வெளிச்சத்தை அடையாளமாக வைத்து ஹெலிகாப்டர்கள் இறங்கின. பைரவ் பஜாரில் இருந்த டிவிஷன், இந்தியர்கள் தங்களைத் தாக்குவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு 311ஆவது பிரிகேட் நர்சிங்டிக்குப் போய்விட்டது. அங்கிருந்து டாக்காவுக்குச் சாலை உண்டு. தெற்கே சாந்த்பூரையும் தாவுத்கந்தியையும் 23ஆவது டிவிஷன் பிடித்துவிட்டது. மைனாமதி ராணுவ முகாமோடு மல்லுக்கட்டாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆற்றைத் தாண்டுவதை அரோரா விரும்பவில்லை, இருவருக்கும் வாக்குவாதம் ஆனது என்றும், திரும்பி வர மாட்டேன் என்று இவர் பிடிவாதமாக நின்றார் என்றும் சொல்வார்கள். தென்பெண்ணை இதற்கும் ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும். கேளுங்கள், நல்லதுதான்.

#11 | தென்பெண்ணை

கேட்கிறேன். டாக்காவுக்குள் முதலில் நுழைந்தது 4ஆவது கோர் அல்லவே? டிசம்பர் 11 அன்று டாங்கைலில் குதித்த 2 பாரா பட்டாலியன் வடக்கிலிருந்து வந்து 16ஆம் தேதி காலை மீர்பூர் பாலத்தில் நின்றது. அங்கிருந்துதான் மேஜர் ஜெனரல் நாக்ரா நியாஸிக்குச் சீட்டு அனுப்பினார். சரணடைவதைப் பேசி முடித்தவர் ஜேக்கப். இதையெல்லாம் விட்டுவிட்டு வெற்றியை ஒருவர் தோளில் போடுவது சரியா? மானெக்‌ஷாவின் திட்டம், கிருஷ்ணனின் கடற்படை முற்றுகை, முக்தி வாகினி என்ற வங்காள விடுதலைப் படையின் ஒன்பது மாதப் போராட்டம், எத்தனை கைகள்.

#12 | ஓடக்கரை

எல்லாக் கைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாக்ராவின் படை மிகச் சிறியது. டாக்காவில் நியாஸியிடம் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர் சண்டை போடாமல் பேச வந்ததற்குக் காரணம், கிழக்கே ஆற்றைத் தாண்டி டாக்கா பக்கம் ஒரு முழு கோர் வந்து குவிந்துகொண்டிருந்தது. மேக்னா இருக்கும் வரை தனக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தார். 10ஆம் தேதி அந்த நேரம் போய்விட்டது. ஜேக்கப் மேஜையில் போய்ப் பேச முடிந்ததும் அதனால்தான்.

#13 | சோழவந்தான்

சரி, இவ்வளவு செய்தவருக்கு என்ன கொடுத்தார்கள்?

#14 | பாலைவெயில்

1972இல் பத்ம பூஷண். பெரிய கௌரவம்தான், அரோராவுக்கும் அதுவே. ஆனால் அது சிவில் விருது. மேற்கே குல்னா பக்கம் 2ஆவது கோரை நடத்திய ரெய்னாவுக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள், அவர் 1975இல் தலைமைத் தளபதியும் ஆனார். ரெய்னா தகுதியற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதிரியின் துப்பாக்கிக்கு மேலே பறந்து இடம் தேடிய கோர் கமாண்டருக்கு ஒரு வீரச் சக்கரமும் இல்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆர்மி கமாண்டர் (கோர்களுக்கு மேலுள்ள தளபதி) பதவியும் வரவில்லை. 1976 நவம்பரில் லெப்டினன்ட் ஜெனரலாகவே ஓய்வு பெற்றார்.

அன்று ஆர்மி கமாண்டர் பதவிகள் ஐந்து. வடக்குக் கமாண்டே 1972இல்தான் வந்தது. இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் இடம் குறைவாக இருக்கும்போது யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் ஒரு அமைப்பின் மனம் தெரியும். விக்டோரியா கிராஸ் வாங்கிய பி.எஸ். பகத்தையே பாருங்கள். அன்றைய தலைமைத் தளபதி பேவூருக்கு ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்தார்கள், பகத் தளபதி ஆகாமல் ஓய்வு பெற்றார். அமைதிக் காலத்தில் மேலதிகாரிக்கு இசைவாக இருப்பவர் எளிதாகத் தெரிகிறார். போரில் வாதாடி ஜெயித்தவரை, அடுத்த போர் வரும் வரை யாரும் தேடுவதில்லை.

#15 | கமலி

முதல் முறையாக இந்தப் பகுதியில் எழுதுகிறேன் அண்ணா. என் கணவரும் ராணுவ அதிகாரி, ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. எல்லோரும் போரைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது, அதன் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்? ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்கும் மனிதரை நான் வீட்டில் பார்த்தேன். சம்பளம், பதவி போவது ஒரு பக்கம். யாரும் உத்தரவு கேட்டு வராததுதான் அவரை அதிகம் பாதித்தது. சின்னப் பதவியில் இருந்தவருக்கே அப்படி என்றால், மூன்று டிவிஷன் நடத்தியவர் அதை எப்படித் தாங்கியிருப்பார்?

#16 | பாலைவெயில்

நல்வரவு அக்கா. இதை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதே ஒரு குறை.

ஜெய்ப்பூரில் குடியேறினார். தன் இடத்துக்கு மேக்னா பண்ணை என்று பெயர் வைத்தார். நாட்டு நினைவில் அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் தன் பெயர் இல்லாவிட்டாலும், தன் வாசலில் அதை எழுதிக்கொண்டார். 2001 செப்டம்பர் 26 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் காலமானார். வயது 82. அது நியூயார்க் கோபுரங்கள் விழுந்த மாதம், செய்தி முழுக்க அதுவாகவே இருந்தது.

அவரோடு அந்தப் போரில் இருந்தவர்களைப் பாருங்கள். அரோரா 1986இல் அகாலி தளம் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். ஜேக்கப் கோவாவுக்கும் பஞ்சாபுக்கும் ஆளுநரானார். கோவாவை விடுவிக்க முதலில் போனவர் சகத் சிங், பின்னாளில் அங்கே ஆளுநர் மாளிகைக்குப் போனவர் ஜேக்கப்!

#17 | கம்பிமுனை

கமலி அம்மா எழுதியது மனதைத் தொட்டது. ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷாவே கடைசிக் காலத்தை நம் குன்னூரில்தான் கழித்தார். 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்து ஊட்டி பார்சி கல்லறையில் அடக்கமானார். ஃபீல்ட் மார்ஷலுக்கு உரிய சம்பளப் பாக்கியே அவருக்கு 2007இல்தான் வந்தது, அதுவும் அப்துல் கலாம் ஐயா கவனம் எடுத்த பிறகு. அவ்வளவு பெரிய மனிதருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களை யார் கேட்கப் போகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரை எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் கூட்டத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள் அம்மா. எங்களுக்குப் படிவம் நிரப்ப, ஓய்வூதிய விவகாரம் புரிய வைக்க அதிகாரியாக இருந்தவர் ஒருவர் எப்போதும் தேவை. ஆட்கள் தேடி வருவார்கள், சந்தேகமே வேண்டாம்.

#18 | கமலி

கண்டிப்பாகச் சொல்கிறேன் ஐயா. இப்போதே அவரிடம் படித்துக் காட்டினேன், எந்த ஊர் என்று கேட்கிறார். தனிமடலில் விவரம் அனுப்புங்கள்.

#19 | இளவேனில்02

எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரித் தேர்வு) நேர்காணலுக்குத் தயாராகிறேன். மேக்னா பகுதியை இரண்டு முறை படித்தேன். ஓடக்கரை அண்ணா, ஆட்களை ஹெலிகாப்டரில் தாண்ட வைத்துவிட்டார்கள், சரி. பீரங்கி, குண்டு, சாப்பாடு எல்லாம் எப்படி அந்தக் கரைக்குப் போனது? பாலம் இல்லையே?

#20 | ஓடக்கரை

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி, பலர் இதைக் கேட்பதே இல்லை. கொஞ்சம் ஹெலிகாப்டரில் வந்தது. பி.டி-76 டாங்கிகள் தண்ணீரில் மிதக்கக்கூடியவை, ஆற்றில் நீந்தியே வந்தன. ஆனால் பெரும்பகுதி நாட்டுப் படகுகளில் வந்தது. கரையோர ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள், தாங்களே துடுப்புப் போட்டார்கள். அந்தக் கரையில் இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷா, தலைச்சுமை என்று கிடைத்ததில் எல்லாம் குண்டுப் பெட்டிகள் போயின. முக்தி வாகினியில் கர்னல் ஷஃபியுல்லாவின் எஸ் ஃபோர்ஸ் என்ற படை கூடவே நடந்தது, வழி காட்டியதும் ஊர்களிடம் பேசியதும் அவர்கள்தான். மக்கள் எதிராக இருந்திருந்தால் அந்த முதல் பட்டாலியன் எதிர்க்கரையில் பட்டினியில் மாட்டியிருக்கும். சகத் சிங் அவ்வளவு துணிந்ததற்கு ஹெலிகாப்டர் பாதிக் காரணம், அந்த மக்கள் மீதி.

ஜோர்ஹாட் தளத்திலிருந்து வந்த சந்தன் சிங்கைப் பற்றியும் அவர் பைலட்டுகள் பற்றியும் தனி இழை தொடங்கியிருக்கிறேன். மகாவீர் சக்கரம் வாங்கியவர். ஹெலிகாப்டர் கேள்விகளை அங்கே கேளுங்கள்.